உதடு ஒட்டும் பெயர்கள்

எல்லாம் சரி என்று முதல் மேசையில் சொல்லிவிட்டார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டப்படிப்பு மதிப்பெண், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், ஒவ்வொன்றையும் அந்தக் கண்ணாடிக்காரர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பச்சை மையில் டிக் போட்டு, "நல்ல மார்க்கும்மா, உனக்கு சீட்டு கெடைக்காம யாருக்குக் கெடைக்கும்" என்றார், நான் சிரித்தேன், சிரிப்புக்கு எழுத்து கிடையாது, அதனால் எனக்குச் சிரிப்பு நன்றாக வரும். பாக்கி இருப்பது இந்த வராந்தாவின் கடைசி அறைதான். பி.எட். சேர்க்கை விதிகள் என்று இந்தப் பல்கலைக்கழகம் அடித்துக் கொடுத்த புத்தகத்தில் ஒன்பதாவது விதி, விண்ணப்பதாரர் ஆசிரியப் பணிக்கு ஏற்ற பார்வை, செவித்திறன், பேச்சுத் தெளிவு உடையவரா என்று மருத்துவரும் பேராசிரியரும் அடங்கிய குழு நேரில் பரிசோதிக்கும், பார்வை இல்லாதவர்க்கு மட்டும் பார்வையில் விலக்கு உண்டு. அந்தப் பக்கத்தைப் படித்துப் படித்து மடிப்பில் தாளே கிழிந்துவிட்டது. பார்வைக்கு விலக்கு போட்டவர் பேச்சுக்கும் ஒரு விலக்கு போட்டிருக்கலாம், பேனாவில் மை தீர்ந்துவிட்டது போல. சரி, அதுகூடப் பரவாயில்லை, உள்ளே என்ன கேட்டாலும் சமாளிக்க மூன்று மாதமாகத் தயார் செய்து வைத்திருக்கிறேன், ஆனால் வாசலில் நிற்கும் அட்டெண்டர் காலையிலேயே ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்துவிட்டார். "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. உள்ள போயிட்டு வெளிய வர்றவங்க அடுத்த ஆளு பேரைச் சத்தமாக் கூப்பிட்டுட்டுப் போங்க. வாத்தியார் ஆகப்போறீங்கள்ல, இப்பவே பழகுங்க. கூப்பிட்டு வராதவங்க ஆப்சென்ட், சொல்லிப்புட்டேன்." எல்லாரும் சிரித்தார்கள். என் பெயரை யாரோ கூப்பிடுவார்கள், அது சரி, எழுந்து போனால் போதும். திரும்பி வரும்போது நான் யாரைக் கூப்பிட வேண்டுமோ, அவர் பெயர் என்ன எழுத்தில் ஆரம்பிக்குமோ.

ஆடிக் காற்று வராந்தாவுக்குள் மண்ணை வாரி இறைக்கிறது, ஃபைலை முந்தானையால் மூடிக்கொள்கிறேன், பல்லில் மண் நறநறக்கிறது. உதடு ஒட்டுகிற எழுத்துதான் எனக்குப் பகை. ப வரிசை, ம வரிசை, அதுவும் வார்த்தையின் முதலில் வந்தால். மற்றதெல்லாம் வரும், தடுக்கினாலும் வந்துவிடும், ஆனால் மேல் உதடும் கீழ் உதடும் ஒட்டிவிட்டால் பிறகு பிரியாது, தொண்டைக்குள் வார்த்தை முழுசாக இருக்கும், நாக்கில் அதன் ருசிகூடத் தெரியும், கதவுதான் திறக்காது, கழுத்து நரம்பு புடைக்கும், இமை படபடக்கும், எதிரே இருப்பவர் முகத்தில் முதலில் புரியாமையும் பிறகு இரக்கமும் வரும், அந்த இரக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கொலைவெறி வரும். இதை வைத்துக்கொண்டு என் அப்பா எனக்கு ஆசை ஆசையாக வைத்த பெயர் பவழக்கொடி. வைத்துவிட்டு அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார், நான்தான் அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன். நாக்கில் வசம்பு தேய்த்தார்கள், வெள்ளிக்கிழமைதோறும் கோயில் சங்கில் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள், வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு படிக்கச் சொன்னார்கள், ஒன்றை விழுங்கியதுதான் மிச்சம். பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வராத வார்த்தையை விட்டுவிட்டு அதே அர்த்தத்தில் வருகிற வார்த்தையைப் பிடிப்பது. பால் வேண்டுமென்றால் ஆவின் என்பேன். மாமா என்று கூப்பிடாமல் அத்தை வீட்டுக்காரர் முன்னால் போய் நின்று இருமுவேன். மதுரைக்கு டிக்கெட் கேட்க வராது, அதனால் ஒரு ஊர் தள்ளி எடுத்து இடையில் இறங்கியிருக்கிறேன், கண்டக்டர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். எல்லா வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தை உண்டு. ஆளின் பெயருக்கு மட்டும் கிடையாது. அதனால் பெயர் கேட்கிற இடங்களில், ஜெராக்ஸ் கடையில், ஆஸ்பத்திரி டோக்கனில், பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாக்களிடம், நான் ரேவதி. ரேவதி தடையில்லாமல் வருவாள். ரேவதி ஊரெல்லாம் சுற்றியிருக்கிறாள், சளசளவென்று பேசியிருக்கிறாள், பவழக்கொடிதான் சான்றிதழ்களுக்குள் மடங்கிக் கிடக்கிறாள்.

இன்றைக்கும் அதையேதான் செய்தேன், செய்திருக்கக் கூடாது. பக்கத்து நாற்காலியில் ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு அவருடைய தம்பி டீ குடிக்கப் போய்விட்டான். கறுப்புக் கண்ணாடி, மடக்குக் கோல், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. உட்கார்ந்ததும் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "வணக்கங்க, பக்கத்துல ஆளு இருக்கீங்கள்ல?" என்றார். தலையை ஆட்டினேன். எனக்கு உலகத்தில் தெரிந்த முதல் பாஷை தலையாட்டுவது. அவர் காத்திருந்தார். மறுபடி ஆட்டினேன், சிரிக்கவும் செய்தேன், அப்புறம்தான் உறைத்தது, இந்த மனிதரிடம் என் தலையும் செல்லாது சிரிப்பும் செல்லாது. "யாருமில்ல போல" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அது என்னவோ சுருக்கென்று தைத்தது. "இருக்கேன்" என்றேன், இகரம், வந்துவிட்டது. அவர் முகம் மலர்ந்துபோனது. "அப்பாடா. நான் மலைச்சாமிங்க. சிங்கம்புணரிப் பக்கம். எம்.ஏ. ஹிஸ்டரி. நீங்க?" நூறு பேர் இருக்கும் வராந்தா, உள்ளே போக வேண்டிய நேரத்தில் உதட்டை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்று தோன்றியது, பழக்க தோஷம், "ரேவதி" என்றேன். "ரேவதி. நல்லதுங்க. குரல் தெளிவா இருக்கு, பொழைச்சுக்குவீங்க." என் குரல் தெளிவு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு. அவர் பேசிக்கொண்டே இருந்தார், பயத்தில் பேசுகிறவர் என்று தெரிந்தது, விரல்கள் கோலின் கயிற்றைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தன. "உள்ள என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியுங்க. கண்ணு தெரியாதவன் வகுப்புல பையன் எந்திரிச்சு ஓடிட்டா என்ன செய்வேம்பாங்க. நான் சொல்லுவேன், சார், பேரைக் கூப்பிடுவேன், குரல் வந்தா பையன் இருக்கான், குரல் வரலேன்னா பையன் இல்ல. அவ்வளவுதானே? கண்ணு உள்ள வாத்தியாரும் அதைத்தானே செய்றாரு. சரிதானுங்களே?" "ஆமா" என்றேன். சரியில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. குரல் வராமல் இருக்கிற பையன் ஒருத்தன் எல்லா வகுப்பிலும் இருப்பான் மலைச்சாமி, கடைசி பெஞ்சில் சுவரை ஒட்டி இருப்பான், நீங்கள் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டுத்தான் இருப்பான்.

எங்கள் ஆறாம் வகுப்பில் அது நான். முதல் நாள் எல்லாரையும் எழுப்பி அவரவர் பெயரைச் சொல்லச் சொன்னார் சார், வரிசை என்னை நோக்கி வர வர எனக்குக் காது அடைத்தது, எழுந்தேன், உதடு ஒட்டியது, பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன், வகுப்பு முதலில் அமைதியாகிப் பிறகு களுக்கென்று சிரித்தது, "சொந்தப் பேரு மறந்துபோச்சா? சரி உக்காரு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பீரியட் முடிவதற்குள் முப்பது பேரைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த உக்காருவுக்குப் பிறகு நான் எழுந்திருக்கவே இல்லை, இருபத்தாறு வயதாகிறது, இன்னும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆசிரியராக வேண்டும் என்று நான் சொன்னால் அம்மாவே சிரிக்கிறாள். "பொழைக்க எத்தனையோ வேலை இருக்கேடி, வாயால பொழைக்கிற வேலைதான் உனக்குக் கெடைச்சுதா?" அவளுக்கு எப்படிச் சொல்வது. அப்படி ஒரு பிள்ளை எழுந்து நிற்கும்போது உக்காரு என்று சொல்லாத ஒரு ஆள் அந்த மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும், பீரியட் போனால் போகட்டும் என்று நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை, அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமானால் அதில் எத்தனை ப, எத்தனை ம. இப்போது டியூஷன் சென்டரில் வேலை, ஜெயசீலன் சார் பேசுவார், நான் போர்டில் எழுதுவேன். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது எனக்குப் பயமே கிடையாது, சாக்பீஸ் எந்த எழுத்திலும் திக்காது. ஆனால் பல்லடத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, பெண்டாட்டி செத்துப்போனவர், ஒரு குழந்தை, "பேசாத பொண்ணுன்னா சண்டை வராது" என்று சொன்னாராம், அதை அம்மா பெரிய குணமாக என்னிடம் வந்து சொன்னாள். இந்த வருஷம் சீட்டு கிடைத்தால் படி, இல்லையென்றால் ஆவணியில் கல்யாணம், அதற்கு மேல் பேசாதே என்றாள். பேசாதே என்று என்னிடம்.

அதனால்தான் இத்தனை ஏற்பாடு. உள்ளே இரண்டு நிமிஷம் பாடம் நடத்தச் சொல்வார்கள் என்று போன வருஷம் போனவர்கள் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது ஆவியாதல். ஆகாரத்தில் ஆரம்பிக்கிறது, அதற்காகவே எடுத்தேன். மழை வராமல் மழையைச் சொல்ல வேண்டும், வானத்திலிருந்து விழும் துளி என்று வைத்திருக்கிறேன். பாத்திரம் கிடையாது, சட்டி உண்டு. மேகம் என்பதற்குத்தான் ஒரு வாரம் ஆயிற்று, கடைசியில் "அதோ வெள்ளையாக நகர்கிறதே, அது" என்று ஜன்னலைக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன், கையைக் காட்டிப் பேசுகிற டீச்சர் என்று நல்ல பெயர்கூட வரலாம். குளியலறையில் சொல்லிப் பார்த்தேன், ஓடும் பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஒரே ஒரு தடவை கனவில் மழை என்று வாய்தவறிச் சொல்ல ஆரம்பித்து, விடியும்வரை அந்த முதல் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். "ரேவதி, இருக்கீங்களா?" "இருக்கேன்." "பேச்சையே காணோமே, பயமா?" "ஆமா." "எனக்கும்தாங்க. நீங்க பக்கத்துல இருக்கறது ஒரு தைரியம்." இந்த மனிதருக்கு நான் இருப்பது தைரியமாம், அதுவும் இல்லாத ஒருத்தி இருப்பது. சொல்லிவிடலாமா, என் பெயர் அது இல்லை என்று. எதற்கு, சொன்னால் அடுத்த கேள்வி அப்ப என்ன பேரு என்பதுதான்.

கதவு திறந்து ஒரு பெண் வெளியே வந்தாள், காப்பிக்கலர் சேலை, முகமெல்லாம் சிரிப்பு, அட்டெண்டர் நீட்டிய தாளைப் பார்த்து, "பவழக்கொடி!" என்றாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள், என் பெயரை, பழத்தோல் உரிப்பதுபோல. எழுந்தேன். மலைச்சாமி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார், இப்போது நான் எழுந்தால் ரேவதி பொய் என்று தெரிந்துவிடும், இந்த நேரத்தில் போய் இந்தக் கவலை, ஆனாலும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்காலி கிரீச்சிடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். "பவழக்கொடி!" என்று அவள் மறுபடி கூப்பிட்டாள். கையைத் தூக்கிக் காட்டினேன். எனக்குப் பின்னால் அவர் என் காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்வது கேட்டது. "பவழக்கொடி வரல போல ரேவதி, ரெண்டு வாட்டி கூப்பிட்டாங்க, குரலே வரல பாருங்க."

உள்ளே இரண்டு பேர். டாக்டர் இளவயது, கண்ணும் காதும் அவர்தான் பார்த்தார், சுவரில் இருந்த E எழுத்துகளைக் காட்டி எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்றார், விரலால் காட்டினேன், சபாஷ் என்றார். பேராசிரியை வயதானவர், நல்ல முகம், என் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "பவழக்கொடி. எவ்வளவு அழகான பேரு" என்றார். பெயரை அவரே சொல்லிவிட்டார், தப்பித்தேன், தலையை ஆட்டிச் சிரித்தேன், இங்கே எல்லாம் செல்லுபடியானது. கரும்பலகைப் பக்கம் நான் போவதற்குள் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "வெளியில இன்னும் அவ்வளவு பேரு இருக்காங்க. பாடமெல்லாம் வேண்டாம்மா, உன் மார்க்கைப் பார்த்தாலே தெரியுது. சும்மா அட்டெண்டன்ஸ் எடுத்துக் காட்டு, குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்டா போதும்." நல்ல மனசோடுதான் சொன்னார். ஒரு வகுப்பின் பெயர்ப் பட்டியலை எடுத்து நீட்டினார். ஆவியாதல் ஆவியாகிப் போயிற்று. பட்டியலைப் பார்த்தேன், கண் நேராகக் கீழே ஓடி அவர்களைக் கண்டுபிடித்துவிட்டது, எனக்குத் தெரியும் அவர்கள் இருப்பார்கள் என்று, ஒரு பெயருக்கும் இன்னொரு வார்த்தை கிடையாது. அமிர்தவல்லி, என்றேன். ஆறுமுகச்செல்வன். இசக்கிராஜ். உமையாள். என் குரல் அறையில் மோதித் திரும்பி வந்தது, கணீரென்று, யாருடைய குரலோ. செந்தூரான். தவமணி. நாகூர்மீரான். அடுத்தது பாண்டீஸ்வரி. உதடு ஒட்டியது. விரல் பட்டியலில் அவள் மேலேயே நின்றது, சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றியது, டாக்டர் பேனாவை மூடித் திறந்து மூடினார், கழுத்து புடைப்பது எனக்கே தெரிந்தது, பேராசிரியை, "மெதுவா சொல்லும்மா, அவசரமே இல்ல" என்றார், அந்தக் குரல், அந்த இரக்கம், வேண்டாம் அம்மா, வேண்டாம், திட்டித் தொலையுங்கள். பாண்டீஸ்வரியை விட்டேன். பேச்சியம்மாளை விட்டேன், மகிழனை, முனீஸ்வரியை விட்டேன், தாண்டிக் குதித்து, "ராஜலிங்கம், வினோதினி" என்று முடித்துத் தலைநிமிர்ந்தேன். ஒருவேளை கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். பேராசிரியை பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "நாலு பிள்ளைங்களை விட்டுட்டியேம்மா" என்றார், மெதுவாக. "அதுங்க வந்துருந்தும் வராத பிள்ளைங்க ஆயிடுமே." டாக்டர் என்னைப் பார்க்காமல், "சின்ன வயசுலேர்ந்தா?" என்றார். தலையாட்டினேன். "சிகிச்சை எடுத்துட்டு அடுத்த வருஷம் வாங்க" என்று எழுத ஆரம்பித்தார். அடுத்த வருஷம். பல்லடத்தில் ஒரு குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருப்பேன், அதையும் பேர் சொல்லிக் கூப்பிடாமல். டாக்டர்மேல் கோபம் வரவில்லை. பேராசிரியைமேலும் வரவில்லை. அவர் சொன்னது சரிதான் என்பதுதான் தாங்க முடியவில்லை. நான் உக்காரு என்றுகூடச் சொல்லவில்லை, நான் அந்த நாலு பேரையும் எழுப்பவே இல்லை.

வெளியே வெயிலில் கண் கூசியது. செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது. அட்டெண்டர் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "அடுத்தது மலைச்சாமி. சத்தமாக் கூப்பிடும்மா." உதடு ஒட்டியது. அங்கே அவர் என் காலி நாற்காலியின் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், கேட்டது, தன் முதல் மாதச் சம்பளத்தில் தம்பிக்கு என்ன வாங்கித் தரப்போகிறார் என்று, எதிரே இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் அவரிடம் அங்கே ஆளில்லை என்று சொல்லவில்லை. "கூப்பிடும்மா, ஆப்சென்ட் போட்டுறவா?" என்றார் அட்டெண்டர். ஆப்சென்ட். ஐந்தாவது பிள்ளை. ஓடினேன். நாற்காலியில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைத் தொட்டேன், திடுக்கிட்டார். "ரேவதியா?" "ஆமா. உங்களைத்தான் கூப்பிடறாங்க. உள்ள." "எம்பேரு கேக்கலையேங்க? பேரு கூப்பிடாமப் போனா சத்தம் போடுவாங்க." நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார், காதை வாசல் பக்கம் கொடுத்து, தன் பெயருக்காக. நான் வாயைத் திறந்தேன், இந்த ஒரு தடவை, எனக்காக இல்லை, இந்த ஒரு பெயர் வந்துவிட்டால் பாக்கி எல்லாம் போகட்டும். ம் என்று உதடு ஒட்டி அங்கேயே நின்றது. "என்னங்க, முனகுறீங்க? உடம்பு சரியில்லையா?" என்றார். அதற்குள் அட்டெண்டர் கட்டிய தொண்டையோடு தானே கத்தினார், "மலைச்சாமி! இருக்காரா இல்லையா?" "உள்ளேன் ஐயா!" என்று பள்ளிக்கூடத்துப் பையன்போல எழுந்து நின்றார், சுற்றிலும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கோலை விரித்துக்கொண்டு ஓர் அடி வைத்தவர் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார், "அந்தப் பவழக்கொடின்னு கூப்பிட்டாங்களே, அவங்க கடைசில வந்தாங்களா?"

"இல்ல," என்றேன், "அவங்க வரல." ஓர் எழுத்துகூட எங்கேயும் நிற்கவில்லை.